லீவுக்கு வந்த பையன்: ஸ்கவுட்டுக்கு டில் யார்?

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவல் ஒரு கை முறிவில் தொடங்குகிறது. அண்ணன் ஜெம்முக்குக் கை முறிந்து, பின்னர் கூடியும்விட்டது. பல வருடங்கள் கழித்து, அதற்கெல்லாம் மூலகாரணம் எது என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் வாக்குவாதம். யூவெல் குடும்பம்தான் ஆரம்பித்து வைத்தது என்கிறாள் கதைசொல்லியான ஸ்கவுட். அவளைவிட நான்கு வயது மூத்த ஜெம் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கும் வெகு முன்னால், டில் வந்த கோடையிலேயே ஆரம்பித்துவிட்டது என்கிறான். வருடக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பூ ராட்லியை வெளியே வரவழைக்கலாம் என்ற யோசனையை முதலில் கொடுத்தவன் டில்தானே என்பது அவன் கட்சி.

முதல் பக்கத்திலேயே வரும் இந்த வாக்குவாதத்தைப் பெரும்பாலான வாசகர்கள் கடந்து போய்விடுகிறார்கள். நாவலைப் பற்றிய பேச்சு எப்போதும் நீதிமன்றத்தைச் சுற்றியே நடக்கும். 1930-களின் அமெரிக்கத் தென்மாநிலமான அலபாமா, மேகோம் என்னும் கற்பனைச் சிற்றூர், யூவெல் குடும்பத்து வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாகப் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்னும் கறுப்பினத்தவர், அவருக்காக வாதாடும் வக்கீலான ஸ்கவுட்டின் அப்பா அட்டிகஸ். 1960-ல் வெளிவந்து அடுத்த வருடமே புலிட்சர் பரிசு பெற்ற புத்தகம் என்பதால் பள்ளிகளில் அதை ஒரு நீதிக் கதையாகவே பாடம் நடத்துகிறார்கள். பக்கத்து வீட்டுக்கு லீவுக்கு வரும் குட்டிப் பையன் டில், அந்தப் பாடத்தில் சிரிப்பு மூட்டும் துணைப் பாத்திரமாக ஒதுங்கிவிடுகிறான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிளஸ் டூ, கல்லூரி முதலாண்டு மாணவர்கள் சிலரோடு சேர்ந்து நாவல்கள் வாசிக்கிறோம். இந்த நாவலை எடுத்தபோது அவர்கள் அட்டிகஸைப் பற்றி மரியாதையாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, டில்லைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். அந்தப் பேச்சுதான் இந்தக் கட்டுரைக்கு விதை. ஜெம் சொன்னதுதான் சரி என்பது என் கட்சியும்கூட. டில் இல்லையென்றால் ஸ்கவுட்டிடம் சொல்வதற்கு ஒரு கதையே இருந்திருக்காது.

டில்லின் வருகையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பக்கத்து வீட்டு மிஸ் ரேச்சலின் கீரைப் பாத்தியில் ஏதோ அசைகிறது. நாய்க்குட்டியாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தால், செடிகளைவிட உயரமில்லாத ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். முழுப் பெயரைச் சொல்கிறான். அடுத்த மூச்சிலேயே தனக்கு வாசிக்கத் தெரியும் என்கிறான். பார்த்தால் நாலரை வயது போல இருக்கிறாயே என்று ஜெம் சீண்டுகிறான். ஏழு ஆகப்போகிறது, உருவம்தான் சின்னது என்று பதில் வருகிறது. அவன் அம்மா பக்கத்து மாநிலமான மிசிசிப்பியின் மெரிடியனில் ஒரு போட்டோகிராபரிடம் வேலை பார்க்கிறாள். அழகான குழந்தை போட்டிக்கு இவன் படத்தை அனுப்பி 5 டாலர் பரிசு வாங்கி அதை இவனிடமே கொடுத்துவிட்டாள். அந்தக் காசில் 20 தடவை சினிமா பார்த்திருக்கிறான். 'டிராகுலா' பார்த்தவன் என்று தெரிந்ததுமே ஜெம்மின் பார்வையில் அவன் மதிப்பு ஏறிவிடுகிறது.

பிறகு அப்பாவைப் பற்றிய கேள்வி வருகிறது. எனக்கு அப்பா இல்லை என்கிறான் டில். செத்துவிட்டாரா என்று ஸ்கவுட் கேட்கிறாள். இல்லை என்கிறான். சாகவில்லை என்றால் இருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்று அவள் மடக்குகிறாள். டில்லின் முகம் சிவக்கிறது. ஜெம் தங்கையை வாயை மூடச் சொல்கிறான். இவனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அண்ணன் தீர்மானித்துவிட்டதற்கு அதுவே அடையாளம் என்று ஸ்கவுட் குறிப்பிடுகிறாள். ஆறு வயதுகூட நிரம்பாத அவளுக்கு டில்லின் சங்கடம் புரியவில்லை. ஆனால் அதை அப்படியே பதிவு செய்து வைத்திருக்கிறாள். நாவல் முழுக்க அவள் சொல்லும் முறை இதுதான்: அவளுக்குப் புரியாதது நமக்குப் புரிந்துவிடும்.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை விளக்கவே தேவையில்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் ராயபுரத்திலோ காசிமேட்டிலோ ஆயா வீட்டுக்கு வந்து இறங்கும் பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் உண்டு. முன்பெல்லாம் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் செங்கல்பட்டுக் கிராமங்களிலிருந்தும் வருவார்கள். 2000-க்குப் பிறகு திசை மாறிவிட்டது. கூவம், பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தியதில், இதே நகரத்தின் மறுகோடியிலிருந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தாண்டி, லீவுக்கு மட்டும் வரும் பிள்ளைகள் உருவாகிவிட்டார்கள். வந்தவுடன் அவர்களிடமும் இதே கேள்விதான்: உன் அப்பா வரவில்லையா? பதில் சொல்லாமல் பையன் தரையைப் பார்ப்பான். பெரியவர்கள் யாராவது வேறு பேச்சை எடுப்பார்கள்.

அப்படி வந்த பையனால் தெருவில் என்ன மாறுகிறது என்பதுதான் நாவலின் முதல் பாதி.

ராட்லி வீடு ஜெம்முக்கும் ஸ்கவுட்டுக்கும் பிறந்ததிலிருந்தே பழக்கம். அதைப் பற்றிய கதைகள் எல்லாம் மனப்பாடம். பூ ராட்லி ராத்திரியில் அலைவான், அணில்களைப் பச்சையாகத் தின்பான். பள்ளி மைதானத்தை ஒட்டிய அந்த வளாகத்துக்குள் பந்து போனால் அது தொலைந்த பந்து. அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. நம் தெருக் கிரிக்கெட்டிலும் இந்தச் சட்டம் அமலில் இருக்கிறது. பயம் இப்படிப் பழக்கமாகிவிட்ட இடத்தில் ஆர்வத்துக்கு வேலை இல்லை. டில்லுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தெருமுனை விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே அவன் என்ன செய்வான், பார்க்க எப்படி இருப்பான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். கடைசியில் பந்தயம் கட்டுகிறான்: ராட்லி வீட்டு வாசற்கதவைத் தாண்டி ஜெம் போகமாட்டான் என்று. ரோஷத்தில் ஜெம் ஓடிப்போய் வீட்டுச் சுவரைக் கையால் அறைந்துவிட்டு வருகிறான். சன்னல் மறைப்புக்குப் பின்னால் ஏதோ லேசாக அசைந்ததுபோல் இருக்கிறது.

ராயபுரம் மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிகளின் அக்னிக் கோயில் இருக்கிறது. 1910-லிருந்து அணையாமல் எரியும் தீ அங்கே. பார்சிகளைத் தவிர மற்றவர்கள் உள்ளே போக முடியாது. அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மாணவன் ஒருவன் வாசிப்பின்போது சொன்னான்: "தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் டியூஷனுக்குப் போவேன். உள்ளே என்ன இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. லீவுக்கு வந்த என் சித்தி பையன் கேட்டபோதுதான், அது எனக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரிந்தது." டில் பாத்திரத்தைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் இதைவிடத் துல்லியமான வாக்கியத்தை நான் பார்த்ததில்லை.

கதைசொல்லிக்கு ஒரு சிக்கல் உண்டு. ஊரிலேயே பிறந்தவளுக்கு ஊர் கண்ணில் படாது. வெளியிலிருந்து வந்தவனுக்குக் கண்ணில் படும். ஆனால் அதன் உள்விவரம் தெரியாது. லீ இந்த இரண்டையும் இரண்டு குழந்தைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். விவரமெல்லாம் ஸ்கவுட்டிடம், கேள்வியெல்லாம் டில்லிடம். டில்லுக்குப் பதில் சொல்கிற சாக்கில்தான் நாமும் ராட்லி குடும்பத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்கிறோம். நாவலாசிரியருக்கு இது வசதியான உத்தி, சந்தேகமில்லை. உத்தி என்பதோடு அது நின்றுவிட்டிருந்தால் டில் இரண்டாவது அத்தியாயத்தோடு தேவையற்றுப் போயிருப்பான்.

அவனை உயிரோடு வைத்திருப்பவை அவன் பொய்கள். அடுத்த கோடையில் வந்து இறங்கும்போது, அப்பா இல்லை என்று சொன்ன அதே டில்லுக்கு ஓர் அப்பா முளைத்திருக்கிறார். கறுப்புத் தாடி வைத்தவர், ஒரு ரயில்வே கம்பெனிக்கே தலைவர். வரும் வழியில் தானே எஞ்சின் டிரைவருக்குக் கொஞ்ச நேரம் உதவி செய்ததாகவும் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்கிறான். ஜெம் நம்பவில்லை. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரத்திலோ, வீட்டுக்கு ஒருவர் லோகோ ஒர்க்ஸிலோ ஐ.சி.எஃப்.பிலோ வேலை பார்த்த பெரம்பூரிலோ இந்தப் பொய் ஒரு நிமிடம்கூட எடுபட்டிருக்காது. ஆனால் பொய்யின் அளவு இங்கே கவனிக்க வேண்டியது. எவ்வளவு பெரிய அப்பா தேவைப்படுகிறாரோ, இல்லாமை அவ்வளவு பெரியது.

இதன் உச்சம், ஒரு ராத்திரி ஸ்கவுட்டின் கட்டிலுக்கடியில் டில் அகப்படும் காட்சி. மெரிடியனிலிருந்து ஓடி வந்திருக்கிறான். புது அப்பா தன்னை நிலவறையில் சங்கிலியால் கட்டிப் போட்டார், வழியில் ஒரு மிருகக்காட்சிக் கம்பெனியில் ஒட்டகத்தைக் குளிப்பாட்டினேன் என்று முதலில் ஒரு சரித்திரமே சொல்கிறான். உண்மை சின்னது. அம்மாவின் பர்ஸிலிருந்து 13 டாலர் எடுத்து, ரயிலேறி, இறங்கிய பிறகு பெரும்பகுதித் தூரம் நடந்து வந்திருக்கிறான்.

ஏன் ஓடி வந்தாய் என்று ஸ்கவுட் இருட்டில் படுத்தபடி கேட்கிறாள். அடித்தார்களா? இல்லை. கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறார்கள். வாங்கிக் கொடுத்துவிட்டு, போய் விளையாடு என்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் இருவரும் உள்ளே இருக்கிறார்கள். நான் இல்லாமலே அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்கிறான். ஸ்கவுட்டுக்கு இது விளங்கவேயில்லை. தன் வீட்டில் அப்பாவுக்கும் அண்ணனுக்கும், சமையல் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண் கல்பூர்னியாவுக்கும் தான் எவ்வளவு தேவைப்படுகிறோம் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். தனக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதை அவள் கண்டுபிடிப்பது இந்த இடத்தில்தான். அட்டிகஸ் எத்தனை உபதேசம் செய்திருந்தாலும் அவளுக்கு அது கிடைத்திருக்காது.

தூக்கம் வரும் நேரத்தில், பூ ராட்லி ஏன் வீட்டைவிட்டு ஓடிப்போகவே இல்லை என்று அவள் கேட்கிறாள். ஓடிப்போவதற்கு அவனுக்கு இடம் ஏதும் இல்லாமல் இருக்கலாம் என்று டில் பெருமூச்சோடு சொல்கிறான். அதுவரை பேயாக இருந்த பூ ராட்லி அந்த ஒரு பதிலில் மனிதனாகிவிடுகிறான். அந்தப் பதிலைச் சொல்லக்கூடியவன், ஓடிவந்த பையன் மட்டும்தான்.

டில்லுக்கும் ஸ்கவுட்டுக்கும் இடையிலான கல்யாணப் பேச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஜெம்மோடு சேர்ந்துகொண்டு இவளைக் கண்டுகொள்ளாமல் விடுகிறான். இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன், பிரயோஜனமில்லை என்கிறாள் ஸ்கவுட். ஆண்பிள்ளைகளின் ஆட்டத்திலிருந்து ஒரு சிறுமி மெல்ல வெளியே தள்ளப்படுவதை இந்தச் சிரிப்பு ஓரளவு மூடி மறைக்கிறது. கொருக்குப்பேட்டையில் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்து, வயதுக்கு வந்ததும் வாசற்படிக்குள் நிறுத்தப்பட்ட பெண்கள் எங்கள் வாசிப்பில் இருந்தார்கள். அவர்கள் இந்தப் பக்கங்களுக்குச் சிரிக்கவில்லை.

நாவலின் மையத்துக்கு, நீதிமன்றத்துக்கு வருவோம். அங்கே டில்லுக்கு ஒரே ஒரு வேலைதான்: அவன் அழுகிறான்.

கறுப்பினத்தவருக்கான மேல்தளத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அரசு வக்கீல் கில்மர், டாம் ராபின்சனைக் குறுக்கு விசாரணை செய்கிறார். கேள்விகளில் சட்டப்படி தவறேதும் இல்லை. குரலில்தான் இருக்கிறது எல்லாம்: வளர்ந்த ஆளைப் பையன் என்று கூப்பிடுவது, ஒவ்வொரு பதிலுக்கும் இளக்காரமாக இழுப்பது. டில்லுக்கு அழுகை வருகிறது, நிற்கவில்லை. ஜெம்முக்கு வழக்கை விட்டு நகர மனமில்லை. தங்கையை அனுப்பி அவனை வெளியே அழைத்துப் போகச் சொல்கிறான்.

வெளியே மரத்தடியில் ஸ்கவுட் அவனைச் சமாதானப்படுத்துகிறாள். எல்லா வக்கீலும் இப்படித்தான், அது அவர் வேலை என்கிறாள். உன் அப்பா அப்படிப் பேசவில்லையே என்கிறான் டில். அப்போது அவள் சொல்கிறாள், என்ன இருந்தாலும் அவன் வெறும் நீக்ரோதானே என்று.

இந்த வாக்கியத்தை வில்லன் எவனும் சொல்லவில்லை. நாம் இத்தனை பக்கங்களாக நேசித்துக்கொண்டிருக்கும் கதைசொல்லி சொல்கிறாள். ஊரிலேயே நேர்மையான மனிதரின் மகள் சொல்கிறாள். கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பது போல, தெரிந்த விஷயமாகச் சொல்கிறாள். நான் பார்த்தவரையில், எங்கள் வாசிப்பு வட்டம் நீண்ட நேரம் பேசாமல் இருந்தது இந்தப் பக்கத்தில்தான். பிறகு ஒரு மாணவி சொன்னாள்: "எங்கள் ஆயா ரொம்ப நல்லவர்கள், அண்ணா. தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் கஞ்சி வைத்துக் கொண்டுபோவார்கள். ஆனால் சாக்கடை அடைப்பு எடுக்க வருகிறவருக்குத் தண்ணீர் கேட்டால் மட்டும் தனி டம்ளர்தான். 'அவர்களுக்கு அதுதான் வழக்கம்' என்பார்கள். நானும் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன்." அவள் வீட்டுக்கும் ஒரு லீவில் யாரோ வந்து, ஏன் தனி டம்ளர் என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் வரவில்லை என்றாள்.

டில்லின் அழுகையை லீ எப்படி வைக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். அவனுக்குச் சட்டம் தெரியாது, வழக்கின் சாட்சியங்கள் பிடிபடவில்லை, டாம் ராபின்சன் நிரபராதியா என்பதைப் பற்றிக்கூட அவன் பேசவில்லை. ஒரு மனிதரிடம் இப்படிப் பேசக்கூடாது, அவ்வளவுதான் அவன் கட்சி. ஜெம் வழக்கைப் பின்தொடர்கிறான், சாட்சியங்களைக் கூட்டிக் கழித்து ஜெயித்துவிடுவோம் என்று நம்புகிறான். தீர்ப்பு வந்ததும் உடைந்து போகிறான். டில்லுக்குத் தீர்ப்புவரை காத்திருக்கத் தேவைப்படவில்லை.

அங்கே டால்ஃபஸ் ரேமண்ட் குறுக்கிடுகிறார். வெள்ளைக்காரர், கறுப்பினப் பெண்ணோடு குடும்பம் நடத்துகிறவர். எப்போதும் காகிதப் பைக்குள் மறைத்த பாட்டிலிலிருந்து குடித்துக்கொண்டிருப்பதால் ஊர் அவரைக் குடிகாரன் என்கிறது. பைக்குள் இருப்பது கோகோ கோலா. தான் வாழும் விதத்துக்கு ஊருக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது, அதனால் குடிகார வேஷம் என்கிறார். டில்லைக் காட்டி அவர் சொல்வது: இந்தப் பையனின் இயல்பை உலகம் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை, இன்னும் கொஞ்சம் வயதானால் இவனும் அழமாட்டான். டில்லின் எதிர்காலத்தைப் பற்றி நாவல் சொல்லும் கசப்பான ஆரூடம் இது. தீர்ப்புக்குப் பிறகு, பெரியவனானதும் சர்க்கஸ் கோமாளியாகப் போகிறேன் என்று டில் அறிவிக்கிறான். கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கும் புது மாதிரிக் கோமாளி. அழாமலிருக்க அவன் கண்டுபிடித்த வழி அது. ரேமண்டின் காகிதப் பைக்கும் இந்தக் கோமாளித் தொப்பிக்கும் தூரம் அதிகமில்லை.

இங்கே எனக்கு நாவலோடு ஒரு வழக்கு உண்டு. ஓர் அநியாயத்தைக் கண்டு அழுவதற்கு மெரிடியனிலிருந்து ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் வர வேண்டியிருக்கிறது. அதே மேல்தளத்தில் கறுப்பினக் குழந்தைகளும் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரோடும் ஸ்கவுட்டுக்குப் பழக்கமில்லை. கல்பூர்னியா தன்னோடு தேவாலயத்துக்கு அழைத்துப்போன நாளில், உன் வீட்டுக்கு வரட்டுமா என்று ஸ்கவுட் கேட்கிறாள். எப்போது வேண்டுமானாலும் வா என்கிறாள் கல்பூர்னியா. அத்தை அலெக்ஸாண்டிரா கூடாது என்று தடுத்துவிடுகிறாள். அந்தப் பயணம் நாவலில் நடப்பதே இல்லை. நடந்திருந்தால் அந்தத் தெருவில் ஸ்கவுட்டுக்கு வேறொரு சிநேகிதி கிடைத்திருக்கலாம்; அவள் அழுதிருப்பாளா, அல்லது இதற்கெல்லாம் அழுவதை எப்போதோ விட்டுவிட்டேன் என்று சொல்லியிருப்பாளா? டில் நிரப்புகிற இடம் உண்மையில் காலியாக விடப்பட்ட ஓர் இடம் என்று வியாசர்பாடி மாணவன் ஒருவன் வாதாடினான். நான் மறுக்கவில்லை. டில்லின் கண்ணீர் உண்மையானது என்பதும், அது வசதியானது என்பதும் சேர்ந்தே இருக்க முடியும்.

டில்லின் மூல மாதிரி யார் என்பது ஊரறிந்த ரகசியம். ட்ரூமன் கபோடி சிறுவயதில் அலபாமாவின் மன்றோவில் ஊரில் உறவினர் வீட்டில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டுப் பெண் ஹார்ப்பர் லீ. கபோடி 1924-ல் பிறந்தவர், லீ 1926-ல். 1948-ல் வந்த கபோடியின் முதல் நாவலில் ஐடபெல் என்ற முரட்டுச் சிறுமி லீயின் சாயலில் இருக்கிறாள். 1959-ன் இறுதியில், கன்சாஸில் நடந்த ஒரு குடும்பக் கொலையைப் பற்றித் தகவல் திரட்டக் கபோடி கிளம்பியபோது லீயும் கூடப் போனார். அதிலிருந்து பிறந்த 'இன் கோல்ட் பிளட்' நூலின் சமர்ப்பணத்தில் லீயின் பெயரும் இருக்கிறது. இந்த விவரங்கள் சுவையானவை. ஆனால் டில் என்பது கபோடிதான் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. கபோடி பிற்காலத்தில் பெரிய எழுத்தாளர் ஆனார். நாவலுக்குள் இருக்கும் டில் என்ன ஆனான் என்று ஸ்கவுட் நமக்குச் சொல்வதில்லை. அவளுக்கு அவன் எப்போதும் ஏழெட்டு வயதுப் பையன். அந்த அறியாமையும் நாவலின் பகுதி.

தமிழ் வாசகருக்கு டில்லை நண்பன் என்று ஏற்பதில் ஒரு தடை இருக்கிறது. உடுக்கை நழுவியவனின் கை ஓடி உதவுவது போல உடனே வந்து துன்பம் களைவது நட்பு என்று குறள் அளவுகோல் வைத்திருக்கிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, முன்பின் பாராத பிசிராந்தையார் வந்து உடன் உயிர்விட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கணக்கில் டில் தேறவே மாட்டான். ஹாலோவீன் இரவில், குற்றம் சாட்டிய பெண்ணின் அப்பா பாப் யூவெல் கத்தியோடு குழந்தைகளைத் துரத்துகிறான். ஜெம்மின் கை முறிகிறது. காப்பாற்ற வருகிறவன் பூ ராட்லி. டில் அப்போது பல மைல் தள்ளி மெரிடியனில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறான். லீவு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பூ ராட்லியை வெளியே வரவழைக்க வேண்டும் என்று மூன்று கோடைகளாகத் தவம் கிடந்தவன் டில். வெளியே வரச் சொல்லிக் கடிதம் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவன், ராத்திரியில் சன்னலில் எட்டிப் பார்க்க ஜெம்மோடு போனவன். கடைசியில் பூ வெளியே வந்து ஸ்கவுட்டின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது, பார்க்க வேண்டியவன் ஊரில் இல்லை. ராட்லி வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றபடி ஸ்கவுட் தன் தெருவைத் திரும்பிப் பார்க்கிறாள். பூவின் கண்ணால், வருடங்கள் நகர்வதைப் பார்க்கிறாள். அதில் ஒரு கோடை. குழந்தைகள் இருவர் தங்கள் சிநேகிதனோடு வீட்டு முன்னால் நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாடகம் பூவின் கதைதான். ஆடிக்காட்டியவர்களை உள்ளிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

டில் ஏன் அங்கே இல்லை என்பதுதான் எங்கள் வாசிப்பில் தீராத சண்டையாக இருந்தது. ஆசிரியர் மறந்துவிட்டார் என்றான் ஒருவன். இருந்திருந்தால் அடுத்த நாளே அதை ஒட்டகக் கதையாக்கியிருப்பான் என்றாள் இன்னொருத்தி. அதில் நியாயம் இருக்கிறது. பெரும்பாக்கத்துக்குப் போன நண்பனோடு ஏழு வருடமாகத் தொடர்பில்லாத மாணவன் சொன்னது வேறு. அவன் போன பிறகு தெருவில் நடந்த விஷயங்களையெல்லாம், அவன் வந்தால் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் எடுத்து வைத்ததாகச் சொன்னான்: கேரம் போர்டு போட்டிருந்த மன்றத்தை இடித்தது, ஐஸ் ஃபேக்டரிக்காரர் வீட்டுக் கல்யாணச் சண்டை, எல்லாம் தேதிவாரியாக. நண்பன் வரவில்லை. ஆனால் அந்த ஏழு வருடம் அவனுக்கு வேறு எவரையும்விடத் துல்லியமாக நினைவிருக்கிறது. எதிரில் கேட்க ஆள் இருந்தால் பேச்சோடு போய்விடும்; கேட்க வேண்டியவன் இல்லாதபோதுதான் எதையும் விடாமல் வரிசையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்கவுட்டின் குரலில் உள்ள அந்த வரிசையும் விவரமும் அங்கிருந்து வருபவை என்று நான் வாசிக்கிறேன். டில் இல்லாத நாட்களை அவள் விவரிக்கும் இடத்தில் லீ குறும்பையும் விடவில்லை: அவன் இல்லாத வாழ்க்கை சகிக்க முடியாததாக இருந்தது என்கிறாள் ஸ்கவுட், துக்கம் சரியாக இரண்டு நாள் நீடித்ததாம்.

இந்த வாசிப்புக்கு நாவலுக்கு வெளியே ஒரு சான்று இருக்கிறது. 2015-ல் லீயின் இன்னொரு நூல், 'கோ செட் எ வாட்ச்மேன்', வெளிவந்தது. பிறகு எழுதியதுபோல் தோன்றினாலும் முன்னால் எழுதப்பட்டது அதுதான். 1957-ல் அதைப் பதிப்பகத்துக்குக் கொடுத்தபோது, டே ஹோஹாஃப் என்ற பதிப்பாசிரியர் அதைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தார். குழந்தைப் பருவம்தான் கதை என்று திருப்பிவிட்டார். அந்த முதல் பிரதியில் ஸ்கவுட்டுக்கு வயது 26; நியூயார்க்கிலிருந்து ஊருக்கு வருகிறாள்; ஜெம் இறந்துவிட்டான்; டில் சிறுவயது நினைவுகளில் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகிறான். கதை முழுக்கப் படர்க்கையில் நடக்கிறது. அதில் 'நான்' என்று சொல்லும் ஸ்கவுட் இல்லை. மறுபடி எழுதியபோது 'நான்' உள்ளே வந்தது; பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியில், வாசிக்கத் தெரிந்த ஒரு பையனும் வந்து உட்கார்ந்தான்.